இருட்டைத் தேடி வந்த விஞ்ஞானி
இயந்திரவியல் பட்டயப் படிப்பு, மூன்றாம் ஆண்டு மாணவன்



இந்த மலரில் நீங்கள் பார்க்கும் ஜவ்வாது மலைப் படங்களை எடுக்கப் போன குழுவில் நானும் ஒருவன். அந்தப் பயணத்துக்கு என்ன கேமரா கொண்டு போவது என்று எங்களுக்குள் பத்து நாள் சண்டை நடந்தது. அந்தச் சண்டையில்தான் எனக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை தெரிய வந்தது. அவர் பெயர் வேணு பாப்பு. இந்திய வானியலில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் தேடி வந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, பதினெட்டு வயது வரை அவர் யாரென்று தெரியாது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாம் ஆண்டு விடுதியில் சேர்ந்தபோது எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் எல்லாம் வாணியம்பாடி என்று சொன்னேன். அது பொய். வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் போய், அங்கிருந்து மலை ஏறினால்தான் எங்க ஊர். அப்பா மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர், சாமை பயிரிடுகிறவர். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மலை என்று சொன்னால் ஊர்ல கரண்ட் இருக்கா, ராத்திரி எப்படி இருப்பீங்க என்றெல்லாம் கேட்பார்களே என்று பயம். எங்க ஊர் இருட்டு எனக்கு ஒரு அவமானமாகவே இருந்தது.

எது பெரிய கேமரா?

பேரவைக் கூட்டத்தில் ஜவ்வாது மலை என்று முடிவானதும் ஆளாளுக்கு ஒரு கேமரா பெயர் சொன்னார்கள். சீனியர் அண்ணன் ஒருவர், 600 மில்லிமீட்டர் வரை இழுக்கும் லென்சை வாடகைக்கு எடுத்தே ஆகணும் என்றார். லென்ஸ் மட்டும் இரண்டு கிலோ. அதைத் தாங்க நல்ல ஸ்டாண்டு வேண்டும். வாடகையில் பேரவை கொடுத்தது போக மீதியை நாங்கள் நாலு பேர் போட வேண்டும். என் பங்கு நாலாயிரம் ரூபாய். நான் வீட்டுக்குப் போன் பண்ணினேன். அம்மா ஒன்றும் கேட்காமல் ஆட்டுக் கிடாயை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் துறை சார் இதைக் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டார். என்ன படம் எடுக்கப் போகிறாய், எப்போது, எங்கிருந்து என்று மூன்று கேள்வி கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அப்படியானால் லென்சை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டுவிட்டு, காவலூரில் டெலஸ்கோப் வைத்தவரைப் பற்றி நூலகத்தில் படித்துவிட்டு வா என்று அனுப்பினார். காவலூர் எங்க ஊருக்குப் பக்கம். மரங்களுக்கு மேல் அந்த வெள்ளைக் கோபுரம் தெரியும். நாங்க அதை டெலஸ்கோப் என்று மட்டும்தான் சொல்வோம். என் தாத்தா அந்தக் கட்டிடத்துக்குக் கல்லும் மணலும் சுமந்தவர். ஆனாலும் அது யாருடைய கனவு என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

நூலகத்தில் படித்ததைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

பிறப்பும் இளமையும்

மணாலி கல்லாட் வேணு பாப்பு 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்துத் தலச்சேரி. அப்பா ஐதராபாத்தில் நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தார். அதனால் மற்ற பிள்ளைகள் கோலி விளையாடும் வயதில் இவர் தொலைநோக்கியின் பக்கத்திலேயே வளர்ந்தார். கல்லூரியில் படிக்கும்போதே, வெளிச்சம் கூடிக் குறையும் விண்மீன்களைக் கவனித்துக் கட்டுரை எழுதும் அளவுக்கு வந்துவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். பிறகு ஐதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

போய்ச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். வானத்தைப் படம் பிடித்த ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் ஃபிலிம் சுருளில் இல்லை, மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில்தான் வானத்தைப் படம் எடுப்பார்கள். அந்தத் தகட்டில் விண்மீன்களுக்கு நடுவே இருக்கக் கூடாத ஒரு சின்னத் தடம் இருந்தது. அது அதுவரை யாரும் பார்க்காத ஒரு வால் நட்சத்திரம்! பேராசிரியர் பார்ட் போக், உடன் படித்த கார்டன் நியூகர்க் ஆகியோர் பெயர்களோடு சேர்த்து அதற்குப் பாப்பு–போக்–நியூகர்க் என்று பெயர் வைத்தார்கள். பசிபிக் வானியல் சங்கம் அதற்காக டோன்ஹோ பதக்கம் கொடுத்தது. அந்த வால் நட்சத்திரத்தைக் கண்டபோது அவருக்கு வயது 22-ஐ எட்டவில்லை. நம்மைவிட மூன்று நாலு வயது மூத்தவர், அவ்வளவுதான்.

இங்கே நான் ஒன்றைக் கவனித்தேன். அந்தத் தகட்டை எடுத்த கருவி அவருடையது இல்லை. எல்லோருக்கும் பொதுவான கருவிதான். ஆனால் தகட்டை மேலோட்டமாகப் பார்க்காமல் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்த கண் அவருடையது.

விண்மீனுக்கு அளவுகோல்

1952-இல் முனைவர் பட்டம் முடித்து, கார்னகி உதவித்தொகையோடு கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே பாலோமர் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கி இருந்தது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரியது. அங்கே ஓலின் வில்சன் என்ற அறிஞரோடு சேர்ந்து பாப்பு செய்த ஆராய்ச்சி 1957-இல் வெளியானது. இன்றைக்கும் உலகமெங்கும் அதை வில்சன்–பாப்பு விளைவு என்றுதான் பாடப் புத்தகத்தில் சொல்கிறார்கள்.

அது என்னவென்று எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ராத்திரியில் ஆலங்காயம் மலைப்பாதையில் எதிரே ஒரு வெளிச்சம் வருகிறது என்று வையுங்கள். அது பக்கத்தில் வரும் டிவிஎஸ் வண்டியா, தூரத்தில் வரும் லாரியா என்று வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விண்மீனும் அப்படித்தான். மங்கலாகத் தெரிவது சின்னதா, தூரத்தில் இருப்பதா என்று தெரியாது. விண்மீன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் அதில் கால்சியத்துக்கு உரிய ஒரு கோடு இருக்கும். சிலவகை விண்மீன்களில் அந்தக் கோட்டின் நடுவே தெரியும் ஒளிர்வு எவ்வளவு அகலமோ, அந்த விண்மீன் உண்மையில் அவ்வளவு பிரகாசமானது என்று இவர்கள் கண்டுபிடித்தார்கள். உண்மைப் பிரகாசம் தெரிந்துவிட்டால் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். எஞ்சின் சத்தத்தை வைத்து லாரி என்று கண்டுபிடிப்பது போல!

திரும்பி வந்தார்

அவ்வளவு பெரிய தொலைநோக்கியை விட்டு யாராவது திரும்பி வருவார்களா? பாப்பு 1953-இல் இந்தியா திரும்பினார். அப்போது நம் நாட்டில் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய கருவி ஒன்றுகூட இல்லை. உத்தரப்பிரதேச அரசின் வானாய்வுக் கூடத்தில் பொறுப்பேற்றார். வாரணாசியில் தொடங்கிய அந்த நிலையம் 1955-இல் மலை நகரமான நைனிடாலுக்கு மாறியது. 1960-இல் நம் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்துக்கு இயக்குநராக வந்தார்.

கொடைக்கானல் கூடம் 1899-இல் தொடங்கப்பட்டது. சூரியனைப் படம் எடுப்பதில் உலகப் புகழ் பெற்றது. ஆனால் பாப்புவுக்கு வேண்டியது ராத்திரி வானம். கொடைக்கானலில் ராத்திரியானால் மேகமும் மூடுபனியும் வந்துவிடும். கருவி இருந்தும் வானம் இல்லை என்ற நிலை.

உயரமான மலையா, சரியான மலையா?

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. கொடைக்கானல் கூடம் இருப்பது 2,300 மீட்டருக்கு மேல். வேறு மலை வேண்டும் என்றால் இன்னும் உயரமான மலையைத்தானே தேடணும்? அவர் அப்படிச் செய்யவில்லை. 1960-களில் பல இடங்களை ஆராய்ந்துவிட்டு, 725 மீட்டரே உயரமுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார்.

காரணங்கள் இருந்தன. ஒன்று, நகரத்து வெளிச்சம் எட்டாத காடு. இரண்டு, வருடத் தொடக்க மாதங்களில் தெளிவாக இருக்கும் ராத்திரி வானம். மூன்று, காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிறது. இங்கிருந்து வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய தொலைநோக்கிகளுக்கு எட்டாத தெற்கு விண்மீன்கள் எங்க மலைக்கு எட்டும்.

நண்பர்களே, இதைப் படித்தபோது நூலகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எந்த இருட்டைச் சொல்ல வெட்கப்பட்டு ஊர் பெயரையே மாற்றிச் சொன்னேனோ, அந்த இருட்டைத் தேடித்தான் பாலோமர் மலையில் வேலை செய்த மனிதர் வந்திருக்கிறார். அவருடைய முதல் கருவி லென்சும் இல்லை, கண்ணாடியும் இல்லை, எங்க ஊர் இருட்டுதான்!

பட்டறையில் பிறந்த தொலைநோக்கி

இடம் கிடைத்துவிட்டது. பெரிய தொலைநோக்கி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கொடைக்கானலிலேயே தங்கள் பட்டறையில் 38 செ.மீ. கண்ணாடி கொண்ட ஒரு தொலைநோக்கியைச் செய்தார்கள். அதை வைத்து 1968-இல் காவலூரில் ஆய்வு தொடங்கியது. லேத்தும் மில்லிங்கும் படிக்கிற நமக்கு இது பெருமையான செய்தி இல்லையா?

1971-இல் கொடைக்கானல் கூடம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி நிறுவனமாக ஆனது. அதன் இயக்குநரும் பாப்புதான். 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஜெய்ஸ் நிறுவனத்தில் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி காவலூருக்கு வந்தது. வந்த வருடமே வேலையைக் காட்டியது. வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அங்கே மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறி இங்கே பதிவானது. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அன்றைக்குத்தான் அறிந்தது. அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

படிப்படியாகத்தான் போனார் என்பதைக் கவனியுங்கள். 38 செ.மீ., பிறகு ஒரு மீட்டர். அடுத்தது அவருடைய பெரிய கனவு, 2.34 மீட்டர். அதை இந்தியாவிலேயே செய்யணும் என்பது அவர் பிடிவாதம். கண்ணாடியைத் தேய்த்து வடிவம் கொடுக்கும் வேலை நிறுவனத்தின் சொந்தக் கூடத்தில், ஏ.பி. ஜெயராஜன் அவர்கள் தலைமையில் நடந்தது. தொலைநோக்கியின் இயந்திர பாகங்களை மகாராஷ்டிரத்து வால்சந்த்நகர் தொழிற்சாலையில் செய்தார்கள்.

பார்க்காமலே போனார்

1970-இல் பட்நாகர் விருது, 1981-இல் பத்ம பூஷண். 1979-இல் உலக வானியலாளர்களின் சங்கமான சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கே தலைவரானார். 1982 ஆகஸ்டில் அந்த ஒன்றியத்தின் மாநாடு கிரேக்க நாட்டில் பத்ராஸ் நகரில் கூடியது. அதற்குத் தலைவர் போக முடியவில்லை. இதய அறுவை சிகிச்சைக்காக ஜெர்மனியில் மியூனிக் நகரில் இருந்தவர், 1982 ஆகஸ்டு 19-ஆம் நாள் அங்கேயே காலமானார். வயது 55.

அவர் கனவு கண்ட தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை. அடுத்து இயக்குநரான ஜே.சி. பட்டாச்சார்யா அவர்கள் காலத்தில் அது முடிந்தது. 1986 ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, அந்த இடத்துக்கும் தொலைநோக்கிக்கும் வேணு பாப்பு பெயரைச் சூட்டினார். அன்று இந்தியாவிலேயே பெரிய தொலைநோக்கி அதுதான். பாப்பு தொடக்க காலத்தில் வளர்த்த நைனிடால் நிலையம், 2016-இல் தேவஸ்தல் என்ற இடத்தில் 3.6 மீட்டர் தொலைநோக்கியை வைத்தது. அவர் போட்ட விதை அங்கேயும் மரமாகிவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. காவலூரில் 45 செ.மீ. ஷ்மிட் கேமரா என்று ஒன்று இருக்கிறது. ஒரே படத்தில் வானத்தின் அகலமான பகுதியைப் பிடிக்கும். 1988 பிப்ரவரி 17-ஆம் நாள் ஆர். ராஜமோகன் அவர்கள் ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தது இதை வைத்துத்தான். அதற்கு நம் கணிதமேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. பக்கத்திலேயே 2.34 மீட்டர் தொலைநோக்கி நின்றுகொண்டிருந்த காலம் அது! ஆனால் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒன்றைத் தேட அகலமாகப் பார்க்கும் கண்தான் வேண்டும். எது பெரியது என்பதல்ல, எந்த வேலைக்கு எது என்பதுதான் கேள்வி.

எங்கள் பயணம்

படித்து முடித்துவிட்டு சாரிடம் போனேன். மூன்று கேள்விக்கும் இப்போது பதில் இருந்தது. எங்க ஊர் வானத்தை, அமாவாசை ராத்திரியில், எங்க வீட்டுக் களத்திலிருந்து எடுக்கப் போகிறேன் என்றேன். பிறகு சார் கணக்குப் போடச் சொன்னார்.

பூமி சுற்றுவதால் விண்மீன்கள் மணிக்கு 15 டிகிரி நகர்வதுபோல் தெரியும். கேமராவை அதிக நேரம் திறந்து வைத்தால் விண்மீன் புள்ளியாக விழாமல் கோடாக விழும். எத்தனை வினாடி தாங்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. லென்சின் மில்லிமீட்டரை, நாங்கள் கொண்டு போகும் சாதாரண கேமராவுக்கு ஒன்றரையால் பெருக்கி, அதால் 500-ஐ வகுக்க வேண்டும். 18 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் சுமார் 18 வினாடி கிடைக்கும். அதே 600 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் அரை வினாடிதான்! அந்த அரை வினாடியில் மங்கலான விண்மீன் எதுவும் விழாது. பெரிய லென்ஸ் வேண்டுமானால், பூமி சுற்றும் வேகத்துக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் மோட்டாரும் கியரும் வேண்டும். காவலூர் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்து நின்று, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் மெதுவாகத் திரும்புவது அதற்காகத்தான்.

ஆக, இரண்டு கிலோ லென்ஸ் எங்களுக்குத் தேவையே இல்லை. சீனியர் அண்ணன் முதலில் முறைத்தார், கணக்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். துறையில் இருந்த பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா, அதோடு வந்த 18–55 லென்ஸ், நண்பனின் ஸ்டாண்டு, கூடுதலாக ஒரு பேட்டரி (குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்), பனித்துளி துடைக்க மெல்லிய பருத்தித் துணி, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச். இவ்வளவுதான் எங்கள் மூட்டை. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் பண்ணி, கிடாயை விற்க வேண்டாம் என்றேன்.

கடந்த பிப்ரவரி அமாவாசையில் எட்டுப் பேர் எங்க வீட்டுக்கு வந்தார்கள். அம்மா சாமைச் சோறு ஆக்கிப் போட்டார். வாசல் விளக்கை அணைத்ததும் நண்பர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு விண்மீன்களை அவர்கள் பார்த்ததே இல்லையாம். ஐ.எஸ்.ஓ. 1600, 18 வினாடி என்று வைத்து எடுத்தோம். முதல் பதினைந்து படம் ஃபோகஸ் சரியில்லாமல் வீணாய்ப் போனது. ஒரு பிரகாசமான விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் வைத்த பிறகுதான் சரியாக வந்தது. அப்புறம் எடுத்ததில் ஒன்றுதான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. ஓரத்தில் கறுப்பாகத் தெரிவது எங்க வீட்டுப் புளியமரம்.

காலையில் தாத்தாவுக்கு வேணு பாப்பு கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவ்வளவு படிச்ச மனுசன் முடிக்கிறதுக்குள்ள போயிட்டாரா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு தான் சுமந்த கல் எந்தப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது என்று எனக்கு விவரமாகச் சொன்னார்.

நண்பர்களே! பயணத்துக்குக் கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். அப்புறம் இடம், அப்புறம் நேரம், கடைசியில்தான் கருவி. வேலைக்குப் போகப் போகிற நமக்கும் இதே வரிசைதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். இல்லாததற்காகக் காத்திருக்காமல் கையில் இருக்கும் 38 செ.மீ.-இல் தொடங்குவோம். 2.34 மீட்டர் பின்னாலே வரும்.

இனிமேல் யார் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டாலும் சொல்வேன்: ஜவ்வாது மலை, காவலூர் பக்கம். ராத்திரி நல்லா இருட்டா இருக்கும், வந்து பாருங்க.